கனகவள்ளி ஏறிய சீ ஹாக்

இது பட்டப்பகலில் நடந்தது. மல்லிகைப்பூ வாசனையும் கொலுசுச் சத்தமும் நடுநிசி நாய் ஊளையும் வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். போன ஆகஸ்டில் பம்பாய் செம்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கோமதிநாயகத்துக்கு நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அவர் கதை கட்டுகிற ஆள் இல்லை. சாமி கும்பிடுவதைக்கூட மனைவியின் பொறுப்பில் விட்டுவிட்டு நிம்மதியாகப் பேப்பர் படிப்பவர். அந்த மனுஷன் இப்போது விளக்கை அணைக்காமல் தூங்குகிறார்.

கோமதிநாயகத்துக்கு எழுபத்தாறு வயது. நாங்குநேரிப் பக்கத்துக்காரர். பதினெட்டு வயதில் கடற்படையில் சேர்ந்து சீ ஹாக் விமானத்துக்கு மெக்கானிக் ஆனவர். நம் கடற்படைக்கு வந்த முதல் ஜெட் சண்டை விமானம் அது. கப்பலின் மேல்தளத்திலிருந்தே கிளம்பும், அதிலேயே வந்து இறங்கும். அப்படி ஒரு கிழட்டு சீ ஹாக் செம்பூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் வேலிக்குள் நிற்கிறது. எஞ்சின் கிடையாது, பெட்ரோல் டாங்க் கிடையாது. வெறும் கூடு. வருஷா வருஷம் சுதந்திர தினத்துக்கு முன்னால் மூன்று கிழவர்கள் போய் அதற்குப் பெயின்ட் அடிப்பார்கள். கோமதிநாயகம், மாட்டுங்காவிலிருந்து சுந்தரராமன், சீத்தா கேம்ப்பிலிருந்து ஜெயினுலாப்தீன். மூவரும் ஒரு காலத்தில் ஒரே விமான தளத்தில் வேலை பார்த்தவர்கள். கொஞ்ச நேரம் வேலை பார்ப்பார்கள், மீதி நேரமெல்லாம் எந்த நீலம் சரியான நீலம் என்று சண்டை போடுவார்கள்.

இந்த வருஷம் கோமதிநாயகத்தின் மனைவி கனகவள்ளியும் சாப்பாட்டுக் கேரியரோடு வந்திருந்தாள். அந்த விமானத்தைப் பற்றிக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள்.

"என்னையக் கட்டுததுக்கு முன்னாலயே அவளத்தான கட்டுனீங்க. மூத்தாள் எப்படி இருக்கான்னு உள்ள ஒக்காந்து பாத்துட்டு வாரேன்" என்றாள்.

மழை தூற ஆரம்பித்திருந்தது. ஜெயினுலாப்தீன் மதியத் தொழுகைக்குப் போய்விட்டார். சுந்தரராமன் கேட்டுக்கு வெளியே சாயாக் கடையில் ஒதுங்கிவிட்டார். பெயின்ட் அடிக்கப் போட்டிருந்த சாரத்தில் கனகவள்ளி முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறினாள். விமானி உட்காரும் சீட்டில் மெத்தை இல்லை, பெல்ட் இல்லை. ஒரு பலகையைப் போட்டு அவளை உட்கார வைத்தார் கோமதிநாயகம். இளவட்டம் மாதிரி ரெண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு.

அங்கேதான் அவர் கை ஒரு தப்புச் செய்தது.

அந்த சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆபத்து என்றால் விமானி தலைக்கு மேலே இருக்கும் கைப்பிடியை இழுப்பார். உடனே சீட் அவரோடு சேர்த்து வெளியே பாய்ந்துவிடும். தரையில் நிற்கும்போது தவறிப்போய் வெடிக்காமல் இருக்க, சிவப்புத் துணி கட்டிய ஒரு இரும்புப் பின் தலைக்குப் பின்னால் செருகியிருக்கும். கிளம்பும்போது மெக்கானிக் அதை உருவி விமானியின் முகத்துக்கு நேராகக் காட்ட வேண்டும். அவர் பார்த்துத் தலையசைத்த பிறகு விமானம் அவர் பொறுப்பு. திரும்பி வந்ததும் பின்னைச் செருகி, செருகிவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் விமானி தலையைச் சொறியக்கூடக் கையைத் தூக்க மாட்டார்.

ஆயிரம் தடவை அதைச் செய்த கை சும்மா இருக்குமா? அந்தப் பின், துருப்பிடித்து, நிறம் போன துணியோடு இன்னும் அங்கேயே இருந்தது. அவர் கை அதை உருவியது. கனகவள்ளியின் முகத்துக்கு நேரே காட்டியது.

அவள் தலையசைக்கவில்லை. ரெண்டு விரலால் நெற்றியில் தட்டினாள்.

கோமதிநாயகத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. அப்படித் தட்டுகிறவர் அவருக்குத் தெரிந்து ஒருவர்தான். லெப்டினன்ட் மெஹ்ரோத்ரா. கல்யாணத்துக்கு முந்தின வருஷம் ஒரு காலையில், கோமதிநாயகம் காட்டிய பின்னைப் பார்த்து அப்படித் தட்டிவிட்டுக் கிளம்பினார். திரும்பி வரவில்லை. வெளியே குதிக்க நேரமில்லாமல் விமானத்தோடு கடலில் மூழ்கிவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். கனகவள்ளி அவரைப் பார்த்ததே இல்லை. இந்தத் தட்டுகிற பழக்கத்தை அவளிடம் யாரும் சொன்னதும் இல்லை.

"ஏளா, எறங்கு. சாப்பிடலாம்."

அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

எரிந்த எண்ணெய் வாசனை வந்தது. பெயின்டில் கலக்கும் தின்னராக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தின்னருக்கும் ஜெட் புகைக்கும் வித்தியாசம் தெரியாத மூக்கா அது?

டிக்... டிக்...

கண்ணாடி உடைந்த மீட்டர் ஒன்றில் முள் நடுங்கியது. அதன் பின்னால் ஒயரே கிடையாது. போன வருஷம் அவரேதான் எல்லாவற்றையும் பிடுங்கி எடுத்திருந்தார்.

கனகவள்ளியின் இடது கை விமானி வேகத்தைக் கூட்டுவது மாதிரி எதையோ பிடித்து மெல்ல முன்னால் தள்ளியது. அவள் கண் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சாக் ஹடாவ், நாயகம்."

குரல் அவளுடையதுதான். ஹிந்தி அவளுடையது இல்லை. இத்தனை வருஷம் பம்பாயில் இருந்தும் காய்கறிக்காரனிடம் விரலைக் காட்டிப் பேரம் பேசுகிறவள் அவள். சாக் என்றால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கட்டை. அதை எடு என்கிறாள்... அவரை நாயகம் என்று கூப்பிட்டவரும் ஒருவர்தான்.

சாரத்திலிருந்து எப்போது இறங்கினார் என்று அவருக்குத் தெரியாது. சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். ஒரு கட்டை ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. உத்தரவுக்குப் பழகிய உடம்பு அவரைக் கேட்காமலே வேலையை முடித்திருந்தது.

க்ரீச்ச்...

காற்றில்லாத டயர். அது அரை அங்குலம் முன்னால் நகர்ந்தது.

இன்னொரு கட்டையையும் எடுத்தால் விமானம் போய்விடும். போனால் கனகவள்ளி திரும்ப மாட்டாள். அவருக்கு அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. கட்டையைத் திரும்பச் சக்கரத்தடியில் திணித்துவிட்டுச் சாரத்தில் ஏறினார்.

மேலே சீட்டை மூடும் கண்ணாடிக் கூண்டு நகர்ந்துகொண்டிருந்தது. பெயின்ட் ஒட்டி வருஷக்கணக்காக அசையாத கூண்டு. ஸ்ஸ்ஸ்... என்று மூடிக்கொண்டே வந்தது.

தோளைக் கொடுத்துத் தடுத்தார்.

அவள் ரெண்டு கையும் மேலே போயின.

தலைக்கு மேலே.

அங்கே கைப்பிடி இல்லை. என்றோ கழற்றிவிட்டார்கள்.

அவள் விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்தன...

பின்!

அது அவர் உள்ளங்கையிலேயே இருந்தது. குத்தி ரத்தம் வந்திருந்தது. எட்டிச் செருகினார்.

"பின் லகா தியா, சாப்!" செருகிவிட்டேன் என்று வாய்விட்டுக் கத்தினார்.

டொம்.

முகத்தை உரசிக்கொண்டு ஒரு காற்று மேலே போனது.

பிறகு மழைச் சத்தம் மட்டும்.

"எம்மா... இடுப்பு போச்சே..."

கனகவள்ளியின் சொந்தக் குரல். அவள் தலையைக் கட்டிக்கொண்டு கோமதிநாயகம் அழுதார். வெட்கப்படாமல் அழுதார். பின் முதலில் உள்ளே போனதா, சத்தம் முதலில் வந்ததா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகெலும்பில் ஒரு கண்ணி நசுங்கியிருந்தது. அந்த வயதில் பலகையில் பொத்தென்று உட்கார்ந்தாலே அப்படி ஆகலாம் என்றார் டாக்டர். பிறகு, என்ன பெல்ட் போட்டிருந்தார்கள் என்று கேட்டார். ரெண்டு தோளிலும் ரெண்டு தொடையிலும் நாலு விரல் அகலத்துக்கு ரத்தம் கட்டி நீலம் பாரித்திருந்தது. அந்த சீட்டில் பெல்ட்டே இல்லை. ஜெயினுலாப்தீன் வந்து பார்த்தார். அவர் பாராசூட் மடித்துக் கட்டுகிற வேலையில் இருந்தவர். சீட்டோடு வெளியே பாய்ந்து பிழைத்தவர்களின் உடம்பில்தான் இப்படி இருக்கும் என்று கோமதிநாயகத்தைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

மூன்றாம் நாள் சுந்தரராமன் ரசம் சாதம் கொண்டுவந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். வலி தேவலை, தூங்கினால்தான் தொந்தரவு என்றாள் கனகவள்ளி. தினமும் ஒரே கனவாம்.

"சுத்தியும் தண்ணி. வாயெல்லாம் உப்பு. ஒரு ஹெலிகாப்டர் தாழ்வா வந்து சுத்துது. கதவோரத்துல ஒரு சின்னப் பையன் ஒக்காந்திருக்கான். கையக் காட்டுதேன். சரியா அந்நேரம் அவன் மூஞ்சியத் திருப்பி வாந்தி எடுக்கான். பெறகு ஹெலிகாப்டர் போயிட்டு."

சுந்தரராமனின் முகம் வெளுத்துப் போனது. ரெண்டு நாள் கழித்துத்தான் அவர் கோமதிநாயகத்துக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். மெஹ்ரோத்ராவைத் தேடிப்போன ஹெலிகாப்டரில் கதவோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்தது அவர்தானாம். வழக்கமாகப் போகிறவனுக்குக் காய்ச்சல் என்று இவரை ஏற்றிவிட்டார்கள். வயது பத்தொன்பது. தண்ணீரில் யாரும் இல்லை என்று சொன்னதும் இவர்தான். வாந்தி எடுத்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் அன்று ஆஸ்பத்திரியில் அவர் அதையெல்லாம் சொல்லவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்புறம் எத்தனை நாழி... தண்ணில இருந்தார்?"

கனகவள்ளி கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாள் என்றுதான் கோமதிநாயகம் நினைத்தார்.

"இருந்தேன்" என்றாள். "மறுநா பொழுது அடையுத வரைக்கும் இருந்தேன்."