ஏழாவது படமும் ஓர் அம்மன் காசும்

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மையீர்,

புதுக்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் நான் பல்லாண்டுகள் உதவியாளனாகப் பணியாற்றினேன். எட்டாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளியில் படித்ததில்லை; பின்னர் கற்றவை யாவும் மருத்துவரின் மேசையிலிருந்து இரவல் பெற்ற நூல்களால் வந்தவை. நான் எழுதவிருப்பது அறுபதுகளின் தொடக்கத்தில் நிகழ்ந்தது.

அக்காலத்தில் எங்கள் சட்டைப்பையில் சிறு பிலிம் அட்டை ஒன்றைக் குத்திக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். எங்கள் மேல் விழுந்த கதிரின் அளவை அதிலிருந்து வெளியூரில் கணித்து அனுப்புவார்கள். சுவருக்குப் பின்னால் நிற்கும் எனக்கு அளவு உண்டு. மேசைமேல் படுத்திருப்பவருக்கு இல்லை. சிறுநீரகக் கல்லுக்குப் படம் எடுப்பதென்றால் ஒன்றோடு முடியாது. கையில் மருந்தூசி போட்டு, அம்மருந்து சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் வரை, இடைவெளி விட்டு ஆறு படங்கள் எடுக்க வேண்டும். அத்தனையும் ஒரே வயிற்றின்மேல். அந்த எண்ணம் என்னை நிலைகொள்ள விடவில்லை.

ஆகவே நானே ஒரு வழி கண்டேன். பிலிம் துண்டைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி, அதன்மேல் ஓர் அம்மன் காசை ஒட்டினேன். சமஸ்தானம் இணைந்தபின் செல்லாமல் போன அந்தச் செப்புக் காசு எல்லார் வீட்டு உண்டியலிலும் கிடந்தது. வெறும் பிலிம் முழுதும் கறுத்துவிடும். காசின் அடியில் மட்டும் ஒப்பிடத்தக்க சாம்பல் நிறம் நிற்கும். வயிற்றின் உயரத்துக்கு மணல் பைகளை அடுக்கி, ஒரு தரம், இரு தரம் என எட்டுத் தரம் வரை கதிர் விழச்செய்து எட்டுத் துண்டுகளை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டேன். மருத்துவர் சிரித்தார். "என்னமோ செய்யும். படத்துக்குள்ள மட்டும் வந்துராம பாத்துக்கிடும்" என்றார்.

ஆலங்குடிப் பக்கத்திலிருந்து ஓர் இளம்பெண் இடுப்பு வலியோடு வந்தாள். உடன் வந்தவள் கணவனின் அக்காள். எல்லாப் பெண்களிடமும் கேட்பதுபோல் நர்ஸம்மா கேட்டார்:

"நாள் எதுவும் தள்ளிப் போயிருக்காம்மா?"

அக்காள் முந்திக்கொண்டாள். "இவளுக்கா? ஆறு வருசமா ஒரு புழு பூச்சி இல்ல. கல்லுதான் உண்டாகியிருக்கு, அதுக்குத்தான் வளைகாப்பு போடணும்!"

"இல்லீங்க" என்றாள் அந்தப் பெண், தரையைப் பார்த்தபடி.

காசு ஒட்டிய பிலிம் துண்டை அவள் இடுப்பெலும்பின் ஓரமாக ஒட்டிப் படம் எடுக்கத் தொடங்கினேன். நான்காவது படத்தின்போது வலி தாளாமல் அவள் புரண்டிருக்கிறாள். வியர்வையில் பிளாஸ்டர் நழுவியிருக்கிறது. இருட்டறையிலிருந்து ஈரப் படத்தைத் தூக்கி வந்து வெளிச்சத்தில் பிடித்தபோது, கல் இறங்கும் பாதையின் நடுவே வெள்ளை வட்டமாக என் காசு இருந்தது.

"கல்லு எங்கய்யா? ஒம்ம காசுல்ல தெரியுது!" என்றார் மருத்துவர். "அங்கிட்டுத் தள்ளி ஒட்டிட்டு இன்னொண்ணு எடும்."

எடுத்தேன். அளவு அறிய விரும்பிய நானே அளவைக் கூட்டினேன். கெட்டுப்போன படத்தைப் பதிவேட்டில் எழுதினால் காரணமும் எழுத வேண்டும்; ஆகவே எவரும் எழுதுவதில்லை. நானும் 'ஆறு' என்றே எழுதினேன்.

எல்லாம் முடிந்தபின், தட்டிக்கு அப்பால் அவள் நர்ஸம்மாவிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. "அம்மா, ரெண்டு மாசமா குளிக்கல. முன்னாடி ஒருதடவ சொல்லி ஒண்ணுமில்லாமப் போச்சு, அந்தப் பேச்சு இன்னும் ஓயல. மூணு மாசம் முடியட்டும்னு இருந்தேன்."

நர்ஸம்மா போய்ச் சொன்னதும் மருத்துவரின் முகம் வாடியது. "ஒண்ணும் ஆகாதுன்னு சொல்ல எங்கிட்ட ஆதாரம் இல்ல. ஆகும்னு சொல்லவும் இல்ல. மாசாமாசம் வரச் சொல்லுங்க" என்றார்.

அன்றே பிலிம் துண்டைக் கழுவிச் சன்னலில் பிடித்துப் பார்த்தேன். என் ஏழாம் துண்டோடு ஒத்தது. மறுநாளும் பார்த்தேன், அதன்பின் எத்தனை முறை பார்த்தேன் என்று சொல்ல இயலாது. அது தோலின்மேல் விழுந்ததைச் சொல்லுமேயன்றி, உள்ளே இருந்த உயிருக்கு எவ்வளவு போயிற்று என்று சொல்லாது. மாதந்தோறும் புறநோயாளர் வரிசையில் அவள் முகத்தைத் தேடினேன். ஒரு மாதம் அவள் வரவில்லை. விடுப்பெடுத்து ஆலங்குடிக்குப் பஸ் ஏறினேன். இறங்கியபின்தான், அந்நிய ஆடவன் எந்த முகத்தோடு அவள் வீட்டு வாசலில் நின்று இதை விசாரிப்பது என்று உறைத்தது. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினேன்.

எங்கள் மருத்துவமனையிலேயே பெண் குழந்தை பிறந்தது. கைகால்களில் குறையில்லை, நன்றாக அழுகிறது என்று நர்ஸம்மா சொன்னார். வீடு திரும்பும் நாளில் அவளே குழந்தையோடு எக்ஸ்ரே அறை வாசலுக்கு வந்து கற்கண்டு நீட்டினாள்.

"பொறக்குறதுக்கு முன்னாடியே போட்டோ புடிச்சுக்கிட்ட மகராசிண்ணே இவ. மொத்தம் எத்தன புடிச்சீங்க?"

"ஆறும்மா" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே போனாள். கற்கண்டு என் கையிலேயே பிசுபிசுத்தது. அக்குழந்தையைப் பின்னர் நான் கண்டதில்லை. நலமாக வளர்ந்தாளா என்பதும் அறியேன். அந்தத் தாயிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய விடை ஏழு.

அந்தப் பிலிம் துண்டை இத்தாளோடு இணைத்துள்ளேன். அன்றைய எக்ஸ்ரே பதிவேடு உங்கள் பதிவறையில் இன்னும் இருக்குமாயின், அதனருகில் இக்குறிப்பையும் வைத்துக் காக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.