நான் பேசாமல் நடத்திய இங்கிலீஷ் பாடம்

முருகனை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் இந்த அருப்புக்கோட்டைக்காரனின் வணக்கம். கதறி அழ வேண்டிய நாளில் கதறக்கூடக் குரல் இல்லாமல் நின்றவன் நான். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். இதில் நான் சொன்ன ஒரு பொய்யும் வரும். அதை மறைத்துவிட்டு அவன் கருணையை மட்டும் சொன்னால் அது சாட்சி ஆகாது.

1967-ஆம் வருடம், ஐப்பசி மாதம். திருச்சுழிக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் இங்கிலீஷ் வாத்தியார். வேலை நிரந்தரமாகவில்லை. எங்கள் வீட்டார் பருத்தி வியாபாரிகள். சந்தையில் கூவிப் பழகிய பரம்பரை என்பதால் தொண்டை எனக்குப் பிறவிச் சொத்து. நான் பாடம் நடத்தினால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து படிக்கும் என்று சக ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அதில் பெருமைதான். ஒரு வரி இங்கிலீஷில் வாசிப்பேன், தமிழில் அர்த்தம் சொல்வேன், பிறகு கேள்வி பதிலை நோட்ஸாகச் சொல்லிக்கொண்டே போவேன். பிள்ளைகள் எழுதி, மனப்பாடம் செய்து, பரீட்சையில் கொட்டுவார்கள். அவர்கள் வாய் திறந்து ஒரு வரி வாசித்து நான் கேட்டதே இல்லை. கேட்க நேரம் எங்கே இருந்தது?

ஐப்பசி கடைசியில் குரல் கம்மியது. மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு நாள் கப்பல் உடைந்த கதை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தபோது, பாதி வரியில் சத்தம் நின்றுபோனது. வாய் அசைந்தது, காற்றுதான் வந்தது. பிள்ளைகள் நான் ஏதோ நடித்துக் காட்டுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

மதுரையில் டாக்டர் பார்த்துவிட்டுக் குரல்வளையில் வீக்கம் என்றார். மூன்று மாதம் ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது, பேசினால் குரல் திரும்பும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பு, அதாவது அந்தக் காலத்துப் பதினோராம் வகுப்பு, என் கையில் இருந்தது. பரீட்சைக்கு ஐந்து மாதம்கூட இல்லை. வாய் இல்லாத வாத்தியாரை எந்தப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளும்?

மறுநாள் கார்த்திகை பிறந்திருந்தது. நெற்றி நிறைய விபூதி பூசி, ஒரு சிலேட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ‘பேச இயலாது’ என்று எழுதி ஹெட்மாஸ்டரிடம் காட்டினேன். அவர் பெரிய பக்திமான். என் நெற்றியைப் பார்த்தார், சிலேட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“மௌன விரதமா சார்? தைப்பூசத்துக்கா?”

நான் தலையை ஆட்டிவிட்டேன். அந்த ஒரு தலையாட்டல்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அன்றைக்கே ஊரெல்லாம் பரவி, எதிரே வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு என்னைக் கும்பிட ஆரம்பித்தார்கள்.

வகுப்பில் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். பிள்ளைகள் சத்தமில்லாமல் எழுதிக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்துப் பரீட்சை வைத்தால் விடைத்தாள்களைப் பார்க்க முடியவில்லை. முத்துமாரி என்று ஒரு பெண். வகுப்பில் இருந்த நான்கு பெண்களில் ஒருத்தி. கப்பல் ஏன் உடைந்தது என்று கேட்டிருந்தேன். அவள் வேறொரு பாடத்தின் பதிலை, ஒரு புள்ளி குறையாமல், அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். கேள்வி என்ன என்றே அவளுக்குத் தெரியவில்லை. அது அவள் தப்பு இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

மார்கழி மாதம் அவளுடைய அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மானாவாரிக் காட்டில் பருத்தியும் கம்பும் விதைக்கிற குடும்பம். முந்தியில் வறுத்த கடலை முடிந்து கொண்டுவந்திருந்தார். “சார், உங்க விரதத்துல எம் மகளையும் நெனச்சுக்குங்க. இங்கிலீசுல தாண்டிட்டாப் போதும், மேல படிக்க வைக்கிறேன்னு அவுகப்பா சொல்லிட்டாக. இல்லாட்டி மாப்பிள்ளை பாத்துருவாக” என்று சொல்லிவிட்டு, என் காலில் விழப் போனார். நான் பதறிப் பின்னால் நகர்ந்தேன். வேண்டாம் தாயே என்று சொல்லவும் எனக்கு வாய் இல்லை. அந்தக் கடலையை என்னால் தின்ன முடியவில்லை.

மறுநாள் விடியற்காலையில் எங்கள் வீட்டுப் பூஜையறையில் உட்கார்ந்தேன். ஒரு மாதத்துக்கு மேலாக ஒரே வேண்டுதல்தான்: குரலைக் கொடு, குரலைக் கொடு. அன்றைக்கு அதைக் கேட்கவே வெட்கமாக இருந்தது. முருகா, என் குரல் எக்கேடு கெட்டாலும் சரி, அந்தப் பிள்ளைகளுக்கு வழி காட்டு என்று வேண்டினேன். அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்தபோது மனது லேசாக இருந்தது. அசரீரி எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஒரு எண்ணம் வந்தது. நான்தானே பேச முடியாதவன்? அவர்களுக்கு என்ன கேடு?

பாளையம்பட்டியில் நூல்கடை வைத்திருந்த ஒரு மாணவனின் தகப்பனார், நூல்கட்டைச் சுற்றி வரும் தடித்த தாள்களைக் கொடுத்தார். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பட்டறையில் மிஞ்சிய சாயத்தை மைக்குப் பதிலாகக் கொண்டுவந்தார்கள். கப்பல் கதையை எனக்குத் தெரிந்த எளிய இங்கிலீஷில் சுருக்கி, ஒரு துண்டுக்கு ஒரு வாக்கியம் என்று எழுதி, கலைத்து, ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். கதை வரிசையில் நில்லுங்கள் என்று பலகையில் எழுதினேன்.

கொஞ்ச நேரம் திருதிருவென்று விழித்தார்கள். பிறகு ஒருவன் தன் துண்டை வாசித்தான். இன்னொருத்தி தன்னுடையதை. “ஏலே, நீ எனக்குப் பின்னாடி வரணும். கப்பல் உடைஞ்ச பெறகுதான நீ நீந்துவ?” என்று சண்டை தொடங்கியது. கடலையே பார்க்காத பிள்ளைகள் அலை எவ்வளவு உயரம் என்று வாதாடினார்கள். என்னிடம் கேட்டால் இன்னொரு பிள்ளையைக் கை காட்டுவேன். வேறு வழி எனக்கு இல்லை.

அப்படியே பாட்டுகளுக்கும் செய்தேன். யார் சொன்னது, யாரிடம், ஏன் என்று சீட்டுகள் எழுதி, குலுக்கி எடுத்து அவர்களையே கேட்டுக்கொள்ளச் செய்தேன். ஒரு பாட்டில், திருநாளன்று மழை வந்து கெடுத்துவிட்டதே என்று ஒருவர் வருந்துவார். முத்துமாரி அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, “மழை வந்ததுக்கா சார் அழுகுறாக?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார்கள். அவ்வளவு வருடம் அந்தப் பாட்டை நடத்தியும் எனக்கு அப்படி ஒரு கேள்வி தோன்றியதில்லை. மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த பரீட்சையில் பிள்ளைகள் தேறினார்கள். உடனே ஊர் என்ன சொன்னது தெரியுமா? எல்லாம் சாரோட விரத மகிமை. முத்துமாரியின் அம்மா தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சாமி பெயரைச் சொல்லி வேலையைக் காப்பாற்றிக்கொண்டவன், அதே சாமியிடம் எப்படிக் கை ஏந்துவேன்? தைப்பூசத்துக்கு நான்கு நாள் முன்பு இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று ஹெட்மாஸ்டருக்கு. இன்னொன்று அந்தத் தாய்க்கு.

ஹெட்மாஸ்டர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “ஏங்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாம் சார்” என்றார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். “சரி, அந்தத் தாளெல்லாம் பத்தாம் வகுப்புக்கும் ஒரு செட்டு எழுதிக் கொடுங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்தத் தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் பொய்யை முத்துமாரிதான் அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் வந்தார். திட்டுவார் என்று தலை குனிந்து நின்றேன்.

“அப்ப இனிமே நெசமாவே விரதம் இருங்க, சார். பரிச்சைக்கு இன்னும் நாளு இருக்குல்ல” என்றார்.

தைப்பூசத்தன்று சங்கல்பம் செய்துகொண்டேன். பரீட்சை முடியும்வரை பள்ளிக்கூடத்து வாசலுக்குள் பேசுவதில்லை என்று. மாசியில் மதுரைக்குப் போனபோது டாக்டர் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார். முருகா என்றேன். கரகரவென்று வந்தது, ஆனால் வந்தது. வீக்கம் வற்றிவிட்டது, மெதுவாகப் பேசலாம் என்றார். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து முருகா, முருகா என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்கவில்லை. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். என் பாடு எனக்குத்தான் தெரியும்.

பங்குனியில் இங்கிலீஷ் பரீட்சை. முடிந்து பிள்ளைகள் வெளியே ஓடிவந்தார்கள். முத்துமாரி கேள்வித்தாளோடு என் முன்னால் வந்து நின்றாள். “சார், எப்படி எழுதுனேன்னு கேக்க மாட்டீகளா?” என்றாள்.

“சொல்லும்மா” என்றேன்.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே, முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரைக்கும் சொன்னாள். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு பையன்கள் தவறிவிட்டார்கள், அதையும் மறைக்க மாட்டேன். முத்துமாரி பாஸ். ஆசிரியப் பயிற்சிக்குப் போனாள். என் குரல் பழையபடி ஆகவில்லை. பக்கத்து வகுப்புக்குக் கேட்காது. என் வகுப்புக்குக் கேட்கிறது, அது போதும் என்று தினமும் அவனுக்கு நன்றி சொல்கிறேன். நீங்களும் எதையாவது இழந்துவிட்டு அவன் முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். அவனிடம் பொய் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். உள்ளதைச் சொல்லிவிட்டு, உங்களை நம்பியிருக்கிறவர்களுக்காகக் கேளுங்கள். கேட்டதைக் கொடுப்பான். சில நேரம், கேட்கத் தெரியாததை முதலில் கொடுப்பான்.