ஆர்டனின் பத்தடிக் கோடு

வந்தவரின் தோளைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போகிறார் ஆர்டன் ஹோவ்லண்ட். "இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு அடி. ஆங், இங்க நில்லு. இப்பப் பாரு." கொட்டகையின் சிமெண்டுத் தரையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். டிராக்டரிலிருந்து பத்தடி. அங்கே நின்று பார்த்தால் அவர் பெயிண்ட் அடித்த எந்த டிராக்டரும் இன்றைக்குத்தான் கம்பெனியிலிருந்து வந்து இறங்கியது போல இருக்கும். கோட்டைத் தாண்டிக் கிட்டே வந்தால் பழைய துருவின் மேடு பள்ளம், வழிந்து உறைந்த சொட்டு, ஈரத்தில் ஒட்டி உயிரை விட்ட கொசு எல்லாம் தெரியும். அதனால் யாரையும் வரவிடமாட்டார். "வயல்ல ஓடுறதை எதுக்குப்பா மூக்கை உரசிப் பாக்கணும்?" என்பது அவர் கட்சி.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், மக்காச்சோளத்தையும் சோயாவையும் விட்டால் வானம்தான் என்றிருக்கும் அந்தப் பக்கத்தில், பழைய டிராக்டரைப் புதுசாக்க நினைக்கிறவர்கள் ஆர்டனிடம் கொண்டுவந்து விடுவார்கள். அவருக்கு இது தொழில் அல்ல, பைத்தியம். எனாமலை அள்ளி வழங்குவதுபோல அடிப்பார். பெயிண்ட் தெளிக்கிற ஸ்ப்ரே கன்னைக் கிட்டத்தில் பிடித்து, நிதானமாக, ஒரே தடவையில், கனமாக. அடிக்கும்போதே மினுங்க ஆரம்பித்துவிடும். மினுங்கினால் வேலை முடிந்தது, மினுங்காவிட்டால் இன்னும் கொஞ்சம் அடி. அவருக்குத் தெரிந்த பாடம் மொத்தமும் இவ்வளவுதான். மிச்சத்தைக் கொட்டவும் மனசு வராது. தபால் பெட்டி டிராக்டர் பச்சை, கோழிக்கூண்டு அதே பச்சை, சமையலறை நாற்காலிகள் டிராக்டர் சிவப்பு. கோடைக்காலத்தில் அந்த நாற்காலியில் ரொம்ப நேரம் உட்கார்ந்தால் எழும்போது கொஞ்சம் ஒட்டும்.

மனைவி லவான் இத்தனை வருஷமும் ஒவ்வொரு டிராக்டருக்கும் கூப்பிட்ட குரலுக்கு வந்து, கோட்டில் நின்று, "மோசமில்ல, ஆர்டன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஊரில் மோசமில்லை என்றால் மாலை போட்ட மாதிரி. அதற்கு மேல் புகழ்ந்தால் எதிராளிக்கு என்னவோ வியாதி என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒரே ஒரு வண்டியை மட்டும் அந்த அம்மாள் ஆர்டனின் கைக்குத் தரவில்லை. கொட்டகை மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த பழைய ஃபால்கன் கார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தபோது, ஆர்டன் என்று ஒருவர் இருப்பதே தெரியாத காலத்தில், தன் சம்பளத்தில் வாங்கியது. வெளிர்நீலம் போய்த் திட்டுத்திட்டாகத் துரு ஏறிவிட்டது. ஒவ்வொரு வசந்தத்திலும் ஆர்டன் கேட்பார், நான் அடித்துத் தரட்டுமா என்று. நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்த அம்மாள் பேச்சை மாற்றிவிடுவார்.

இந்த வருஷம் ஜூலைத் திருவிழா ஊர்வலத்தில் லவானோடு பள்ளியில் படித்தவர்கள் எல்லாரும் வண்டிகளில் போவதாக ஏற்பாடு. போனால் என் காரில்தான் போவேன் என்று லவானுக்கு ஒரே பிடிவாதம். வேறு வழியில்லாமல் சாவியை மேசைமேல் வைத்தார்.

"கார் மாதிரி இருக்கணும், ஆர்டன். டிராக்டர் மாதிரி இருந்துச்சுன்னா நான் அதுல ஏறமாட்டேன். வைக்கோல் வண்டியில உக்காந்து போயிக்கறேன்."

ஆர்டனுக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதலாம், ஆனால் அந்தப் பக்கத்து வீடுகளில் அடுப்பில் வாட்டி எடுக்கிற உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் அன்றைக்கு இரண்டு தட்டு இறங்கியது. பயம் வந்தால் அதிகம் சாப்பிடுகிற ஆள். தானியக் கிடங்கில் காலைக் காப்பிக்குக் கூடுகிறவர்களுக்கு இது வெறும் வாய்க்குக் கிடைத்த அவல். பக்கத்துப் பண்ணை டுவைன் மட்டும் சிரிக்காமல், "பின்னால கலப்பை மாட்டக் கொக்கி வைக்கிறியா?" என்று கேட்டார்.

கார் பெயிண்ட் வேறு ஜாதி. முதலில் நிறம், அது சுண்ணாம்பு மாதிரி மங்கலாகத்தான் காயும். அதன் மேல் நிறமில்லாத கிளியர் அடித்தால்தான் பளபளப்பு வரும். பெயிண்ட் கடைக்காரர் இதை இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். ஆர்டனும் தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தார்.

காற்று கிளம்புவதற்கு முன்னால், விடிந்ததும், தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டு ஆரம்பித்தார். நீலம் ஏறியது. ஏறி, மங்கியது. தலைக்குத் தெரியும், கைக்குத் தெரியவேண்டுமே! மினுங்கவில்லையே என்று இன்னொரு சுற்று அடித்தார். இன்னும் மினுங்கவில்லை. கிட்டே பிடித்து, எனாமல் கணக்கில் கனமாக ஒரு சுற்று. அப்போதுதான் ஆகா, மினுங்கியது. மினுங்கின கையோடு கதவு இரண்டும் மெதுவாக வழிய ஆரம்பித்தன.

காப்பியோடு வந்த லவான் கோட்டில் வந்து நின்றார். பத்தடியிலிருந்தே தெரிந்தது.

"ஆர்டன், அது அழுவுது."

"காஞ்சதும் தேய்ச்சு எடுத்துடறேன்."

"டிராக்டரா இருந்தா தேய்ப்பியா?"

"மாட்டேன்."

லவான் காப்பியை வைத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தாலும் தேவலை. வைக்கோல் வண்டி ஆர்டனின் கண்முன்னே போய்க்கொண்டே இருந்தது.

அதன்பிறகு கொட்டகையிலிருந்து உப்புத்தாள் சத்தம் மட்டும்தான். வாளித் தண்ணீர், உப்புத்தாள், ஆர்டன். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். விரல்நுனி மரத்துப்போய் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகச் சட்டைக்கைப் பொத்தானைக்கூடப் போட முடியவில்லை. லவான்தான் போட்டுவிட்டார்.

இரண்டாம் தடவை மெல்லிசாக ஒரு சுற்று அடிப்பார், மங்குவதற்கு முன் கன்னைத் தொங்கவிட்டு வெளியே ஓடிவிடுவார். கை ஊறலெடுக்கும். அதற்கு வேலை கொடுக்க லவானின் பட்டாணிப் பாத்தியில் களை பிடுங்குவார். பாத்தியில் களை தீர்ந்தபோது நீலமும் முடிந்தது. கிளியர் அடித்ததும் அந்த மங்கல் நீலத்துக்குள்ளிருந்து வெளிச்சம் கிளம்பி வந்தது பாருங்கள், மனுஷன் அப்படியே சொக்கிப்போனார். கை ஒரு நொடி நின்றுவிட்டது. அந்த ஒரு நொடியில் ஓட்டுநர் கதவின் கைப்பிடிக்குக் கீழே சுண்டுவிரல் நகமளவு ஒரு வழிசல் விழுந்துவிட்டது. அதைத் தேய்க்கப்போனால் கதவு முழுக்க மறுபடி அடிக்கவேண்டும். ஊர்வலமோ மறுநாள்.

காலையில் கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டு, கைப்பிடிக்கு முன்னால் இடுப்பைக் கொடுத்து மறைத்துக்கொண்டு நின்றார் ஆர்டன். லவான் நல்ல உடுப்பில், கைப்பையோடு வந்து வழக்கம்போல மஞ்சள் கோட்டில் நின்றார்.

"அங்கேயிருந்தே பாரு," என்றார் ஆர்டன்.

லவான் கோட்டைத் தாண்டினார். நேராக வந்து, நாற்காலியை நகர்த்துவதுபோல அவரைக் கையால் ஒதுக்கிவிட்டுக் குனிந்தார். கட்டைவிரல் கைப்பிடிக்குக் கீழே அந்த வழிசலில் போய் நின்றது. ஒரு தடவை தடவியது, திரும்பவும் தடவியது.

பிறகு அந்த அம்மாள் கைப்பையைத் திறந்து, கல்யாணத்துக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் எடுக்கிற உதட்டுச் சாயத்தை எடுத்து, நீலக் கதவில் தன் முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பூசிக்கொண்டார்.