கம்பு நட்ட இடமெல்லாம் கெளுத்தி

வருடத்தில் ஆறு வாரம் அவரிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். மற்ற நாட்களில் சாதுவான மனிதர்தான். ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் இருபத்தாறு வருடமாக ஆபரேட்டர். அதனால் ஊர் அவருக்கு வைத்த பெயர் பம்ப்பு. ஆற்றுக்குள் கால் வைத்து நிற்கும் அந்தக் கட்டடத்தின் சுவரில், தண்ணீர் மட்டத்தைக் காட்ட ஒன்று முதல் பதினான்கு வரை சிவப்புக் கோடுகள் போட்டிருக்கும். மணிக்கு ஒருமுறை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். கோடையில் தண்ணீர் ஒன்பதாவது கோட்டுக்குக் கீழே போன அன்று, அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே மனைவிக்கு விஷயம் தெரிந்துவிடும்.

"இறங்கிடுச்சா?"

"இறங்கிடுச்சு. இனிமே ஒவ்வொருத்தனா படக உடைச்சுக்கிட்டு வருவான், பாரு."

தண்ணீர் நிறைய இருந்தால் ஆற்றில் பயமில்லை; அடியில் கிடப்பதெல்லாம் அடியிலேயே கிடக்கும். நன்றாக வற்றிவிட்டாலும் பயமில்லை. எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஒன்பதாவது கோட்டுக்கும் மூன்றாவது கோட்டுக்கும் நடுவில் தண்ணீர் நிற்கும் அந்த ஆறு வாரம்தான் பொல்லாதது. இடிந்த பழைய பாலத்தின் தூண்கள், வேரோடு விழுந்த மரங்கள், எந்தக் காலத்திலோ மூழ்கிய மணல் தோணி ஒன்று, எல்லாம் மேலே வந்து, கலங்கல் தண்ணீருக்கு ஒரு முழம் கீழே சத்தமில்லாமல் காத்திருக்கும். பம்ப்புவின் முன்பல் இரண்டும் கட்டிய பல். சொந்தப் பல்லைப் பாலத்தூண் ஒன்றில் படகோடு மோதித்தான் பறிகொடுத்தார். அதற்கு மறு வருடம் ஆறு எலும்புக்கூடாக வற்றியபோது, லீவு போட்டுவிட்டு நான்கு நாள் ஆற்றுப் படுகையில் நடந்து, எது எங்கே கிடக்கிறது என்று படம் வரைந்து வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வருடா வருடம், தண்ணீர் ஒன்பதைத் தொட்டதும், பதினொரு இடத்தில் பதினொரு மூங்கில் கம்பு நடுவார். ஒவ்வொன்றின் தலையிலும் நம்பர் போட்ட ஒரு வெள்ளை எண்ணெய் டப்பா. அதற்குக் கீழே, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அவர் மனைவி லேமினேட் செய்து கொடுத்த அட்டை: 'ஆபத்து. அருகில் வராதீர்கள்.'

எல்லோரும் அருகில்தான் வந்தார்கள்.

விஷயம் இதுதான். கெளுத்தி மீனுக்கு வெட்டவெளித் தண்ணீர் ஆகாது. மறைவு வேண்டும், இடுக்கு வேண்டும். தண்ணீர் குறையக் குறைய ஆற்றிலிருக்கும் பெரிய கெளுத்தி அத்தனையும் தூண் சந்திலும் வேர் இடுக்கிலும் போய் அடைந்துகொள்ளும். அந்த இடங்கள் எவையென்று முன்பெல்லாம் தூண்டில்காரர்கள் தேடி அலைந்தார்கள். இப்போது ஒரு மனிதர் வெள்ளை டப்பா வைத்துக் காட்டிக்கொடுக்கிறார். தேடுகிற வேலை மிச்சம். படகைக் கம்பிலேயே கட்டிக்கொள்ளவும் வசதி.

"அண்ணே, அஞ்சாம் நம்பர் கம்புல நேத்து ஏழு கிலோ கெளுத்தி. நீங்க நல்லா இருக்கணும்!" என்று ஒருவர் டீக்கடையில் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயா, அது போகக் கூடாதுன்னு வச்ச கம்புய்யா."

"அதான், அதான். வேற யாரும் போகாம இருக்காங்கல்ல, அதனாலதான் கிடைச்சது."

பம்ப்பு டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். ஆற்றுத் துறை அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிப் போட்டார். நான்கு மாதம் கழித்து, ஆறு நிரம்பி ஓடுகிற நேரத்தில் பதில் வந்தது: அனுமதியின்றி ஆற்றில் கம்பு நடுவது குற்றம். அட்டைகளுக்கும் கதி அதுதான். ஒன்றை எவரோ கழற்றி, அதன்மேல் கோழிக்குடலை வைத்து இரை நறுக்கிக்கொண்டிருந்ததை அவர் தன் கண்ணாலேயே பார்த்தார். இத்தனைக்கும் அவரும் தூண்டில்காரர்தான். லீவு நாளில் பம்ப் நிலையத்துக்குக் கீழே, அடியில் ஒன்றுமே கிடக்காத மடுவில் உட்கார்ந்து, விரல் நீளக் கெளுத்திக்குத் தவம் கிடப்பார்.

ஊராரையாவது மன்னித்துவிடலாம். அவர் தாங்க முடியாமல் தவித்தது சொந்த மச்சானிடம்.

மனைவியின் அண்ணன் அவர். முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மறு மாதமே மோட்டார் வைத்த பழைய மரப் படகு ஒன்றை வாங்கினார். பஸ் ஓட்டுகிற மாதிரியே படகு ஓட்டினார். திருப்பத்தில் ஹாரன் இல்லையே என்று குறைபட்டார். காக்கிக் காலத்து கறுப்பு ஷூவை லேஸ் கட்டிப் போட்டுக்கொண்டுதான் படகில் ஏறுவார். அந்த ஷூவில் ஆக்சிலேட்டர் மிதித்த கால் வேறெதிலும் நிற்காதாம். போன கோடையில் மட்டும் மோட்டார் விசிறியை மூன்று முறை உடைத்திருந்தார்.

"மச்சான், ஏழாம் கம்புப் பக்கம் மட்டும் போகாதீங்க. அடியில மணல் தோணி கிடக்கு. பக்கமெல்லாம் இரும்புக் கம்பி நீட்டிக்கிட்டு நிக்குது."

"மாப்ள, எத்தனை சந்துல எத்தனை பஸ்ஸ நுழைச்சவன் நான். ஒரு கீறல் உண்டா?"

"சந்து கண்ணுக்குத் தெரியும், மச்சான்."

"கையே சொல்லும் மாப்ள, கையே சொல்லும்."

இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன பேச முடியும்?

இன்னொரு சங்கதியும் இருந்தது. கோடையில் தண்ணீரை மிச்சம் பிடிப்பதற்காக ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் மதகைத் தினமும் சில மணி நேரம் மூடி வைப்பார்கள். அந்த நேரத்தில் ஊர்ப்பக்கம் தண்ணீர் ஒரு சாணுக்கு மேல் இறங்கும். திறந்ததும் கிடுகிடுவென்று ஏறும். நேரம் நாளுக்கு நாள் மாறும். பம்பை நிறுத்தி ஓட்ட வேண்டியிருப்பதால் முந்தின நாளே பம்ப் நிலையத்துக்கு மட்டும் போனில் சொல்லிவிடுவார்கள். இதையும் பம்ப்பு மச்சானிடம் சொல்லியிருக்கிறார். மச்சான் அப்போது கொட்டாவி விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு மூடி, பன்னிரண்டுக்குத் திறப்பதாக இருந்தது. பம்ப்புவுக்குக் காலை ஷிப்ட். பத்தரைக்கு போன் அடித்தது.

"மாப்ள, ஒண்ணும் அவசரமில்ல. வேலையில இருக்கீங்களா?"

"சொல்லுங்க மச்சான்."

"படகு நகர மாட்டேங்குது."

பம்ப்பு கண்ணை மூடிக்கொண்டார். "எங்க இருக்கீங்க?"

"அந்த ஏழாம் நம்பர்... பக்கத்துலதான்."

"பக்கத்துலயா, மேலயா?"

"மேலதான். கம்பி ஒண்ணு கீழேருந்து படகுக்குள்ள வந்திருக்கு. ஓட்டையில துண்ட சுருட்டி வச்சு, அதுமேல உட்கார்ந்திருக்கேன். எந்திரிச்சா தண்ணி வருது. இந்த நேரம் பாத்து தூண்டில்ல நல்ல மீனா மாட்டியிருக்கு மாப்ள, அத விடவும் மனசு வரல."

ஏழு மணிக்குத் தண்ணீர் இருந்த மட்டத்தில் போய்ப் படகைக் கட்டியிருக்கிறார். தண்ணீர் இறங்க இறங்கப் படகும் இறங்கி, நிமிர்ந்து நின்ற கம்பியில் தானாகவே போய்ச் செருகிக்கொண்டது. பம்ப்பு நிலையத்து எலெக்ட்ரீஷியனைக் கெஞ்சிக் கூப்பிட்டு பம்ப் அறையில் உட்கார வைத்தார். தன் சிறிய படகைத் துடுப்புப் போட்டுத் தள்ளிக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம் வாய்விட்டே திட்டிக்கொண்டு போனார். கேட்க ஆளில்லாததால் பழைய கணக்கையும் சேர்த்துத் திட்டினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. மச்சான் முட்டைமேல் கோழி மாதிரி அசையாமல் உட்கார்ந்து, வளைந்த தூண்டில் கழியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கரையில் பம்ப்புவின் மனைவி நின்றிருந்தாள். விஷயம் அவளுக்கும் போயிருந்தது.

"அண்ணே! அந்த மீன விட்டுத் தொலைண்ணே!" என்று கத்தினாள்.

"நீ சும்மா இரும்மா! மாப்ள, முதல்ல மீன எடுங்க. என்னை அப்புறம் பாத்துக்கலாம்."

பம்ப்பு படகை ஒட்டவிட்டு, கத்தியால் தூண்டில் நரம்பை ஒரே இழுப்பில் அறுத்தார்.

"என்ன மாப்ள இப்படிப் பண்ணிட்டீங்க!" என்று மச்சான் துள்ளி எழுந்தார். துண்டு பிய்த்துக்கொண்டு போனது. ஓட்டை வழியே தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. தடுமாறியவர் பக்கவாட்டில் ஆற்றுக்குள் விழுந்தார். கீழே தோணி இருந்ததால் இடுப்பளவில் நின்றார். சிரிக்கக்கூடப் பார்த்தார். அடுத்த அடி எடுத்து வைத்ததும் மக்கிய பலகை உடைந்து, வலது கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது.

பம்ப்புவும் தண்ணீரில் இறங்கினார். இருவருமாகப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். வரவில்லை. பாதம் இரண்டு சட்டத்துக்கு நடுவில் மாட்டியிருந்தது. காலை இழுத்த அவசரத்தில் பம்ப்புவின் கையை ஏதோ கம்பி கிழித்தது. தண்ணீர் இப்போது மச்சானின் நெஞ்சுக்குக் கீழே நின்றது. அவர் முகத்திலிருந்த முப்பத்தோரு வருடப் பெருமை மெல்ல வடிந்தது.

"மாப்ள," என்றார். குரலே வேறாக இருந்தது. "மதகு எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் மச்சான் தனக்குத் தெரியாதென்று ஒப்புக்கொண்டு அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது. அதுவரை எல்லாம் சொல்லத்தான் செய்திருக்கிறார். பம்ப்புவுக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நேரம் இருக்கு மச்சான். என் படகப் பிடிச்சுக்குங்க. கால இழுக்காதீங்க," என்று சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினார்.

கலங்கல் தண்ணீரில் கண்ணைத் திறந்து பயனில்லை. கையால் காலைத் தடவிக்கொண்டே இறங்கினார். கணுக்கால், அதற்குக் கீழே ஷூ. மாட்டியிருந்தது கால் இல்லை, ஷூதான். லேஸ் ஊறி இறுகியிருந்தது. மச்சான் வழக்கம்போல் இரட்டை முடிச்சுப் போட்டிருந்தார். முதல் முறை நகம்தான் பெயர்ந்தது. இரண்டாவது முங்கலில் கத்தியை எடுத்துப் போய், பாதத்தில் படாமல் லேஸை ஒவ்வொரு கண்ணியாக அறுத்தார். நான்காவது முங்கலில் கால் வெளியே வழுக்கிக்கொண்டு வந்தது. மச்சானைத் தன் படகுக்குள் இழுத்துப் போட்டபோது பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருந்தது.

கரையில் மனைவி முதலில் கணவரின் கையைப் பிடித்துக் காயத்தைப் பார்த்தாள். பிறகு இருவரையும் சேர்த்து, ஆற்றின் அந்தக் கரைவரை கேட்கும்படி திட்டினாள்.

நான்கு நாள் மச்சான் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் டீக்கடையில் திறந்தார். ஏழாம் கம்பில் மாட்டிய மீன் அதற்குள் இருபது கிலோ ஆகியிருந்தது. மாப்பிள்ளை நரம்பை அறுத்த கதையும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழாம் கம்பைச் சுற்றி ஆறு படகு நின்றது.

பம்ப்பு அதை ஜன்னல் வழியே பார்த்தார். கத்துவதற்குத் தெம்பில்லை. சாயங்காலம் ஜெராக்ஸ் கடைக்குப் போய் மனைவி முன்னால் உட்கார்ந்தார்.

"எதுவும் கேட்க மாட்டானுங்க. இன்னும் என்ன எழுதி ஒட்டுறது?"

"எங்கண்ணன் அன்னைக்கு உங்ககிட்ட என்ன கேட்டாரு? அத எழுதி ஒட்டுங்க," என்றாள் அவள், மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்றிரவே டீக்கடைத் தூணில் ஒரு தாள் ஏறியது. ஆபத்து என்ற சொல் அதில் இல்லை. நாளை மதகு மூடும் நேரம், திறக்கும் நேரம், அவ்வளவுதான். தண்ணீர் அசைகிற நேரத்தில் கெளுத்தி நன்றாகக் கடிக்கும் என்பது தூண்டில்காரர்களின் நம்பிக்கை; அதனால் விழுந்தடித்துப் படித்தார்கள். படித்தவர்களுக்குத் தண்ணீர் எப்போது இறங்கும் என்பதும் கூடவே தெரிந்துபோயிற்று. மூடுவதற்குக் கால் மணி முன்னால் படகை அவிழ்க்கப் பழகினார்கள். அந்தக் கோடையில் மேற்கொண்டு உடைந்தது ஒரே ஒரு விசிறிதான். ஆளுக்குச் சேதமில்லை.

ஆனால் பம்ப்புவின் நிம்மதி போனது போனதுதான். டீக்கடைவரை நடக்கச் சோம்பல்பட்டவர்கள் எல்லாம் அவர் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். குளிக்கப் போனால் போன். சாப்பாட்டில் கை வைத்தால் போன். எல்லோருக்கும் முன்னால், விடியற்காலை ஐந்து மணிக்கே, மச்சானின் போன் வந்துவிடும்.

"மாப்ள, இன்னைக்கு எத்தனை மணிக்கு?"

"நேத்தே தாள்ல போட்டேனே மச்சான்!"

"பாத்தேன் மாப்ள. இருந்தாலும் உங்க வாயால ஒருதடவ கேட்டுக்கலாம்னு."

பம்ப்பு தலையில் அடித்துக்கொண்டு, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக, நேரத்தைச் சொன்னார்.