காலையின் முதல் ஸ்டார்ட்

அந்த டிசம்பர் மாதம் என் வேலை போனது. வீட்டில் சொல்லவில்லை. வேலை போனதைவிட, காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதுதான் அப்போது எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். புனே பக்கம் ஆகுர்டியில் ஒரு கம்பெனியில், எஞ்சின்களைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் பதினேழு வருஷம் இருந்தவன் நான். ராத்திரி முழுக்கக் குளிர் அறையில் கிடந்த எஞ்சின், காலையில் எத்தனை சுற்றில் பிடிக்கிறது என்று பார்த்து எழுதுவதுதான் என் பிழைப்பு. அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். எங்களை வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கொரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதற்கு வி.ஆர்.எஸ். என்று பெயர், சுய விருப்ப ஓய்வு. என் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் இருக்குமே, அப்படி இருந்தது. தொடுவது தெரிந்தது, வலி தெரியவில்லை.

மறுநாளும் வழக்கம்போல ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. மனைவி காப்பி கொடுத்தாள், குடித்தேன். சட்டையை மாட்டிக்கொண்டேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்கு அடுத்த நாளும் அதையேதான் நினைத்தேன்.

போபோடியில் எங்கள் சந்து முனைக்கு ஆறு பத்துக்குக் கம்பெனி பஸ் வரும். எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் யார் ஏறுகிறார்கள் என்பதுகூடத் தெரியும். என் பாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டுவிட்டார்கள். அதனால் பஸ்ஸில் இடுப்பு வலிக்கிறது, இனிமேல் காரில் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். மூன்று கை மாறி எங்களிடம் வந்த பழைய கார் அது. அதுவரை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் போய்வந்தது. வெயில் ஏறிய பிறகு கிளப்பினால் சாவியைத் தொட்டதும் உறுமும். புனேயின் விடியற்காலைக் குளிரில் மட்டும் இருமிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்.

கார் கிளம்பாவிட்டால் அவள் பஸ்ஸில் போகச் சொல்வாள். பாஸ் இல்லாமல் ஏறமுடியாது. ஏறாவிட்டால் ஏன் என்று கேட்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு, அந்தச் சோறாவது நேரத்துக்கு வெந்தாக வேண்டும்.

எனக்குத் தெரிந்த முறைப்படி ஆரம்பித்தேன். குளிர் ஸ்டார்ட் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு நாளைக்கு ஒரே ஒரு வாய்ப்புதான் உண்டு. எஞ்சின் ஒருதரம் பிடித்துச் சூடாகிவிட்டால் பிறகு எதைப் பார்த்தும் பயனில்லை, அடுத்த நாள் விடிய வேண்டும். ஒரு நாளில் ஒரு சாமானுக்கு மேல் மாற்றக்கூடாது. இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும். அதன்படி முதலில் பேட்டரியைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அடுத்த நாள் அதன் முனைகளைச் சுரண்டி இறுக்கினேன். அப்புறம் பிளக்குக்குப் பொறியை அனுப்பும் பாயின்டைச் சுத்தம் செய்தேன். அப்புறம் பிளக்கைக் கழற்றினேன். பொறி நன்றாக வந்தது, ஆனால் அவ்வளவு நேரம் சுற்றிய பிறகும் பிளக் நுனி காய்ந்தே இருந்தது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதலாகப் பெட்ரோல் வேண்டும், அது போய்ச் சேரவில்லை. கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிறைய இருந்தது. மிச்சம் சோக் ஒன்றுதான். டாஷ்போர்டில் அதன் குமிழைக் கையால் இழுத்தால், முன்னால் கார்புரேட்டரின் வாயில் இருக்கும் சின்னத் தகடு மூடிக்கொண்டு காற்றைக் குறைக்கும். இழுத்துவிட்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன். தகடு விரல் அகலம் திறந்திருந்தது. கேபிள் தொய்ந்துவிட்டது என்று இறுக்கினேன். மறுநாளும் அதே விரல் அகலம். புதுக் கேபிள் போட்டேன். அதற்கும் அதே விரல் அகலம்.

இதற்கிடையில் தினமும் தள்ளித்தான் கிளப்பினோம். அவள் ஸ்வெட்டருக்குமேல் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி வருவாள். வாட்ச்மேன், "தக்கா லகாவூ க்யா, சாப்?" என்று, தள்ளட்டுமா எனக் கேட்டபடி அவள் பக்கத்தில் வந்து கை வைப்பான். சந்தின் சரிவில் வண்டி உருண்டதும் கிளட்சை விடுவேன், உதறிக்கொண்டு பிடிக்கும். கண்ணாடியில் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பது தெரியும். வருத்தமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஒருநாள் வாட்ச்மேன் வரவில்லை. நான் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அவள் கேட்காமலே கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"என்ன பண்ணணும், சொல்லுங்க."

"சோக்க இழு."

"இழுத்துட்டேன்."

தகடு முழுசாக மூடியது. விரல் அகலமும் இல்லை, நூல் அகலமும் இல்லை.

"இப்ப விடு," என்றேன். விட்டாள். தகடு மெதுவாக விரல் அகலத்துக்குத் திரும்பி வந்து நின்றது.

அவ்வளவுதான் விஷயம். குமிழ் இழுத்த இடத்தில் நிற்கவில்லை, தானாக உள்ளே நழுவுகிறது. கம்பெனியில் இந்தச் சோதனையை ஒரு ஆள் செய்யவே விடமாட்டார்கள். ஒருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும், ஒருவர் பார்க்க வேண்டும். நான் பிறருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. ஆனால் அவளைக் கூப்பிட்டிருந்தால் பக்கத்தில் உட்காருவாள், ஏதாவது கேட்பாள். அதற்குப் பயந்துகொண்டு இரண்டு ஆள் வேலையை ஒரு மாதமாகத் தனியாகச் செய்திருக்கிறேன்.

"இழுத்துப் புடிச்சுக்கிட்டே சாவியத் திருப்பு."

முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. எனக்குச் செய்வதற்கு இருந்த ஒரே வேலையும் அதோடு முடிந்துவிட்டது. திறந்த பானட் நடுவில் இருந்ததால் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

"எனக்கு வேல போயிடுச்சு," என்றேன்.

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"போன மாசமே. கீழ்வீட்டம்மா காய் வாங்குறப்ப சொன்னாங்க. அவங்க வீட்டுக்காரரு உங்க கம்பெனிலதான இருக்காரு."

"தெரிஞ்சா தெனம் தள்ளின?"

"நீங்க போகணும்னு நிக்கிறீங்க. நா என்ன பண்றது?"  பிறகு, "தெனம் எங்கதாங்க போனீங்க?" என்று கேட்டாள்.

"கம்பெனிக்குத்தான்."

"கம்பெனிக்கா?"

"எதிர்ல, ரோட்டோரமா நிறுத்திட்டு உள்ளயே உக்காந்திருப்பேன். ஷிப்ட் விட்டதும் கெளம்பி வந்துடுவேன்."

 பானட்டை இறக்கினேன். அவள் ஒரு கையால் சோக்கை இழுத்துப் பிடித்தபடியே, இன்னொரு கையால் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். வேலை போனது தெரிந்தும் ஒரு மாதம் என் எதிரில் அழாமல் இருந்தவள் அவள். எனக்கு அப்போதும் ஒன்றும் வரவில்லை. ஜன்னல் பக்கம் போய்க் குனிந்தேன்.

"எஞ்சின் சூடாயிடுச்சு," என்றேன். "சோக்க உள்ள தள்ளிடு."