இருபத்திநாலு வோல்ட் சாமான்

கஹவத்தைப் பக்கம் சிறு தோட்டக்காரர்களிடம் தேயிலைக் கொழுந்து எடுத்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகும் அழகமுத்துவின் லொறிக்கு இருபத்தாறு வயது. எஞ்சினில் குறை சொல்ல முடியாது. ஏசி மட்டும் போன வருடம் நின்றுபோனது. வெயிலை அவர் பொறுத்துக்கொள்வார், மழைதான் பிரச்சினை. கண்ணாடியை ஏற்றினால் உள்ளே ஆவி படியும். இறக்கினால் ஆள் நனைந்துபோவார். ஒரு கையால் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார்.

வைகாசி மழையில் ஒரு வளைவில், ஓரமாக நின்ற பெண்ணை பத்தடி தூரத்தில்தான் கண்டார். நல்லவேளை, பிரேக் பிடித்தது. அவள் நகர்ந்து போனாள். அதன்பிறகு மழை இருட்டினால் மாலை ஓட்டத்தை வேறு லொறிக்காரரிடம் விட்டுவிடுவார்.

ஏசியின் கம்ப்ரஸர் போய்விட்டது என்றார்கள் கராஜில். இரத்தினபுரியில் ஒரு கடைக்காரர் பழையதைப் பார்க்காமலே ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதைப் பூட்டிய நாலாம் நாள் கருகிய வாடை வந்தது, குளிரும் நின்றது.

"போதும், விட்டுருவோம்" என்றார் அழகமுத்து.

அவர் மனைவி சுதர்ஷினி, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் வேலை பார்ப்பவள், விடவில்லை. "பழசையும் இதையும் தூக்கிட்டுப் போய்க் காட்டுங்க. காட்டாமக் கேட்டா அவங்களுக்கு என்ன தெரியும்?"

இரண்டையும் சாக்கில் கட்டிக்கொண்டு குருவிட்டைக்குப் போனார். அங்கே ஏசி சாமான் கடை வைத்திருக்கும் முக்தார் நானா, மண்ணெண்ணெய்த் துணியால் பழையதன் தகட்டைத் தேய்த்தார். நம்பர் தெரிந்தது.

"கருகினது பன்னிரண்டு வோல்ட் சாமான். ஒங்கட லொறி இருபத்திநாலு. கருகாம என்ன செய்யும்?"

"சரியானது இருக்குங்களா நானா?"

"எங்கிட்ட இல்ல. அது மாதிரி ஒண்டக் குடுத்து ஒங்கள ஏமாத்த மனசில்ல. இரிங்க, கேட்டுப் பாக்கிறன்."

நாலைந்து பேருக்குப் போன் போட்டார். ருவான்வெல்லையில் பழைய லொறிகளைக் கழற்றி விற்கும் ஓரிடத்தில் இருப்பதாகத் தெரிந்தது. மறுநாள் அழகமுத்து பஸ் மாறி மாறி அங்கே போய்ச் சேர்ந்தார். நம்பர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. ஆனால் பெல்ட் ஓடும் சக்கரத்தில் ஒரு தடம்தான் இருந்தது, அவருடையதில் இரண்டு. இவ்வளவு தூரம் வந்தும் வெறுங்கையா என்று மனம் சோர்ந்தது. முக்தார் நானாவுக்கே போன் எடுத்தார்.

"பயப்படாதீங்க. நம்பர் சரியெண்டா எடுத்துட்டு வாங்க. பழசுட சக்கரத்தக் கழட்டி இதுல போடலாம்."

அப்படியே நடந்தது. அழகமுத்து லொறியைக் குருவிட்டைக்கு ஓட்டிப்போனார். முக்தார் நானா சக்கரத்தை மாற்றி, குழாய்களைக் கழுவி, காஸ் நிரப்பிக் கொடுத்தார். திரும்பும் வழியில் இரத்தினபுரி ரோட்டில் மழை கொட்டியது. அழகமுத்து கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டார். கீழ் மூலைகளிலிருந்து ஆவி மெல்ல விலகி, முன்னால் ரோடு தெளிவாக விரிந்தது. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

அடுத்த திங்கட்கிழமை தொழிற்சாலைக்குப் போய், "இனி மாலை ஓட்டத்தையும் எனக்கே குடுங்க, மழை பெஞ்சாலும் வருவேன்" என்று சொன்னார். கொடுத்தார்கள்.