சாம்பல் கழுகின் முகமூடி

சிமெண்டுப் பைக் காகிதத்தை முகத்தில் மாட்டிக்கொண்டு மூச்சுவிட்டால், சுண்ணாம்பும் எச்சிலும் கலந்த வெக்கை திரும்ப நம் முகத்திலேயே அடிக்கும். அதற்கும் அடியிலிருந்து, பைய, அவித்த நெல்லின் வாசம் எழும்.

பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருந்த வாத்தியார் வீட்டு வரிசையை ஒரு கோடை விடுமுறை முழுக்க ஆண்டது அந்த முகமூடி. மூலம், அட்டை கிழிந்த ஒரு படக்கதை. அதன் வில்லன் சாம்பல் கழுகு சாகவே மாட்டான். ஏனென்றால் அவன் ஓர் ஆளே இல்லை. கூலிக்குக் கொலை செய்கிறவன் ஒருவன் விழுந்தால், இன்னொரு கூலிக்காரன் குனிந்து முகமூடியை எடுத்து மாட்டிக்கொள்வான், அடுத்த பக்கத்தில் ஊர் மறுபடி நடுங்கும். யார் வேண்டுமானாலும் அவனாக இருக்கலாம் என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

விளையாட்டில் கழுகுக்கு அடி விழும் என்பதால் எனக்கும் அடுத்த வீட்டு விக்டருக்கும் அந்த வேஷம் வேண்டாம். பக்கத்து நெல் அவிக்கும் களத்துக்கு அம்மாவோடு வரும் இசக்கியைப் பிடித்தோம். அவன் கறார். "ஒரு தடவைக்கு ஒரு கடலை மிட்டாய். முதல்லயே தரணும்லே. இல்லன்னா நீயே கழுகா இருந்துக்கோ." மிட்டாய் என் பொறுப்பு.

ஒரு மத்தியானம் நான் வீட்டுக்குள் படுத்திருந்தபோது அலறல் கேட்டது. மதில்மேல் உட்கார்ந்திருந்த தம்பி ஜெபா கீழே கிடந்தான், முழங்கை திரும்பியிருந்தது. "கழுகு தள்ளிட்டான்" என்று அழுதான்.

"கழுகா? அவன் எந்தத் தெருக்காரன்லே?" என்றார் அப்பா.

முருங்கை மரத்து மூட்டில் முகமூடி கிடந்தது. விக்டரும் இசக்கியும் ஆளுக்கொரு பக்கம் நின்று, இப்போதுதான் வந்தோம் என்றார்கள். நான் துப்பறிபவனைப் போல முகமூடியை எடுத்து மோந்து பார்த்தேன். அவித்த நெல் வாசம். "இசக்கி" என்றேன்.

"நான் போடல சார், அவன்ட்டயே கேளுங்க, இன்னைக்கு..." என்னைக் காட்டிச் சொல்லி முடிப்பதற்குள், களத்திலிருந்து ஓடி வந்த அவன் அம்மா வாயிலேயே ஒன்று போட்டு, தரதரவென்று இழுத்துப் போனாள். அதன்பின் அவன் எங்கள் பக்கம் வரவில்லை.

கோடை முழுக்க அவன் முகத்தில் கிடந்த காகிதம் அவனைத்தானே மணக்கும்? அது உறைக்க எனக்கு வருடங்கள் ஆயின. பிறகு விக்டர்மேல் சந்தேகம். வெளிநாட்டிலிருந்து பேசும்போதெல்லாம் ஜெபாவின் கையைப் பற்றி மட்டும் அவன் கேட்பதில்லை. ஆனால் கேட்காததெல்லாம் சாட்சியாகுமா?

போன மாதம் சீவலப்பேரி பஸ் நிறுத்தத்தில் ஒருவர் உரக்கூடையோடு என்னையே பார்த்தார். இசக்கி.

"தம்பி கை நேராச்சா வே?"

இவ்வளவு காலம் ஏன் நினைவு வைத்திருக்கிறான் என்று அப்போதும் என் மனம் குறுகுறுத்தது. கோணல்தான் என்றேன், அவன் முகத்தை விட்டுக் கண்ணெடுக்காமல்.

சிரித்துவிட்டான். "என்ன வே, இன்னும் என்னைய மோந்து பாக்கீரா? அன்னைக்கு நீரு மிட்டாயே தரலியே. கூலி வாங்காம நான் எப்பம் கழுகா இருந்திருக்கேன்?"

டவுன் பஸ் வந்தது, கூடையை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

மதில் இருந்த இடத்தில் இப்போது வண்டிகள் நிற்கின்றன. களம் இல்லை, முருங்கை இல்லை, படக்கதை எந்தக் கடையில் பொட்டலமாகிப் போனதோ. ஆனால் ஜெபா விழுந்த அன்று சாயங்காலம் என் சட்டையைத் துவைக்க எடுத்த அம்மா, பையிலிருந்து முழு மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினாள். எறும்பு மொய்த்திருந்தது. உதறிவிட்டு, நான்தான் தின்றேன்.